குளோரின் பெட்டி கண் சிவந்த வரலாறு

இடைசெவலுக்குக் கிழக்கே, பருத்திக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு நீச்சல்குளத்தில் சென்ற மாதம் அம்மன் வந்து இறங்கினாள். கோவில்பட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ விட்டார்கள். விளாத்திகுளத்திலிருந்து வேன் வந்தது. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பாக்கெட் கல்லுப்பும் ஒரு கை மிளகும் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாளே வாசலில் ஒருவர் வடைச்சட்டி வைத்துவிட்டார். தெய்வம் உண்மை என்பதற்கு நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது.

அம்மன் குடியிருந்தது சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. மோட்டார் அறையின் வெளிச்சுவரில் திருகாணி போட்டு மாட்டியிருந்தது. அதில் மிளகளவு ஒரு விளக்கு. பச்சையாக எரிந்தால் அம்மன் சாந்தம், சிவந்தால் கோபம். பெட்டிக்குக் கீழே உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் வெண்மையாகக் குமிழி பொங்கும். அது அம்மனின் மூச்சு. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, குளத்துக்கு வேண்டிய குளோரினை அங்கேயே தயாரிக்கும் இயந்திரம் என்று கம்பெனிக்காரன் அட்டையில் அச்சடித்திருந்தான். அவனுக்கு ஞானம் போதாது.

குளத்துக்குச் சொந்தக்காரர் கண்ணபிரான். மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவர். அங்கே ஒரு ஹோட்டல் வாசலில் சரக்கு இறக்கும்போது நீலக் குளம் ஒன்றைப் பார்த்தார். பார்த்தது மனசிலேயே நின்றுவிட்டது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளம் வெட்டினார். அவர் மனைவி முத்துச்செல்வி காலை வேளைகளில் அதில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். கரிசல்காட்டில் கிணறு உண்டு, கிணற்றில் குதிக்கப் பையன்கள் உண்டு. நீந்தத் தெரிந்த பெண்ணைத்தான் தேட வேண்டும். முத்துச்செல்வியிடம் முப்பத்து நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள்.

ஐப்பசியில் ஒன்பது நாள் அடைமழை. குளம் நிரம்பி வழிந்து, இருந்த உப்பும் ஓடையோடு போயிற்று. பெட்டியில் சிவப்பு எரிந்தது. உப்பு வாங்கிப் போடலாம் என்றார் முத்துச்செல்வி. கண்ணபிரான் சிரித்தார். நம்ம போர்த் தண்ணியை வாயில் வைக்க முடியாது, சோறு பொங்கினால் மஞ்சளாகிறது, இதற்கு மேல் உப்பு எதற்கு என்று கேட்டார். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் ஊரில், தண்ணீரில் உப்பு போதவில்லை என்று எவனாவது சொன்னால் யார் நம்புவார்கள்? குளம் ஒரு வாரத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது.

அப்போது வந்தார் பேச்சிராஜா. காவி வேட்டி, கழுத்தில் சங்கு மாலை. ஓட்டப்பிடாரம் பக்கம் என்று சொல்லிக்கொண்டார். ஓட்டப்பிடாரத்துக்காரர்களைக் கேட்டால் இடைசெவல் பக்கம் என்று சொல்லிக்கொண்டதாகச் சொன்னார்கள். பெட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"இது யந்திரமில்ல அண்ணாச்சி. ஆத்தா கண்ணு. செவந்து கெடக்கு, தெரியலையா? உப்பும் மிளகும் கேக்குது."

மரு, பரு, சொறி எதுவானாலும் கோயில் தெப்பத்தில் உப்பும் மிளகும் கொட்டுவது நம் வழக்கம். உப்பு கரைவதுபோல நோயும் கரையும் என்பது கணக்கு. செய்தி பரவிற்று. நானூறு பேர் நானூறு பாக்கெட் கொட்டினார்கள். மூன்றாம் நாள் பெட்டி பச்சையானது. ஒரு வாரத்தில் பாசி செத்துத் தண்ணீர் கண்ணாடியாயிற்று. ஊரே விழுந்து கும்பிட்டது.

"உப்பு கொறஞ்சா செவக்கும்னு பெட்டி வித்த கடைக்காரரும் சொன்னாரே சாமி" என்று முத்துச்செல்வி மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"அதைத்தானம்மா நானும் சொல்லுதேன்" என்றார் பேச்சிராஜா. அவர் சொன்னதில் உண்மையாக இருந்த வாக்கியம் இது ஒன்றுதான்.

மறு வாரம் பெட்டி மறுபடியும் சிவந்தது. பேச்சிராஜாவே திகைத்துப்போனார். முத்துச்செல்வி மோட்டாருக்குள் குப்பை போகாமல் தடுக்கும் வடிகூடையைக் கழற்றினார். உள்ளே இரண்டு படி மிளகு ஊறிக் கிடந்தது. அள்ளி வெளியே போட்டுவிட்டு மோட்டாரை ஓட்டினார். அரை நிமிடத்தில் பச்சை. பேச்சிராஜா பக்கத்திலேயே நின்று, வாய் திறக்காமல், ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தார். நல்ல மாணவர்.

மறுநாள் முதல் தன் மணைப்பலகையைப் பெட்டிக்கு நேர் கீழே போட்டுக்கொண்டார். மேலே பட்டுத்துணி. அம்மனுக்கும் அன்றிலிருந்து மனிதர்களை அடையாளம் தெரிய ஆரம்பித்தது. காணிக்கை குறைத்துப் போட்டவர் முன்னால் நின்றால் கண் சிவந்தது. கூடுதலாகப் போட்டதும் அரை நிமிடத்தில் குளிர்ந்தது. நெஞ்சில் பாவம் இருக்கிறது என்று சாமி ஒருவரைச் சொன்னால், சொல்லி முடிக்குமுன் சிவப்பு. கூட்டம் இரண்டு மடங்காயிற்று. தன்னிடம் பாவம் இருப்பதை விளக்குப் போட்டுக் காட்டும் இடத்துக்கு இவ்வளவு பேர் விரும்பி வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பெண்பிள்ளைகள் குளத்தில் இறங்கக் கூடாது, தீட்டு என்று அம்மன் சொன்னாள். முப்பத்து நான்கு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அதோடு விடவில்லை. குளத்தையும் சுற்றியுள்ள இரண்டு ஏக்கரையும் உவர்நீர் அம்மன் அறக்கட்டளைக்கு எழுதித் தரவேண்டும், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பத்திரப் பதிவு என்றும் சொல்லிவிட்டாள். அறக்கட்டளைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர். மூன்று பேரும் பேச்சிராஜாதான்.

கண்ணபிரான் சரி என்றுவிட்டார். மறுத்துப் பேசிய ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கண் சிவந்து காட்டியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் முத்துச்செல்வி பரணிலிருந்து பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சிவப்பு எரிந்தால் மூன்றைப் பார்க்கச் சொல்லியிருந்தது. உப்பு போதுமா? குழாய்க்குள் இருக்கும் தகடுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? தண்ணீர் ஓட்டம் சரியா? இதில் பாவம், தீட்டு, காணிக்கை எதுவும் இல்லை. உப்பு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தார், சுத்தம். வடிகூடையும் சுத்தம். ஆக, தண்ணீர் ஓட்டத்தை யாரோ மறிக்கிறார்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். விரல் பட்டுத்துணியில் போய் நின்றது.

வியாழக்கிழமை காலை சாமி டீ குடிக்கப் போயிருந்த சமயம், மணைக்குக் கீழே இருந்த வால்வின் கைப்பிடியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். கூட்டம் சேர்ந்ததும் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"சாமி, நான் இன்னைக்கு ஒண்ணுமே போடல. ஆத்தாவை நம்பவும் இல்ல. எனக்குச் செவக்குதான்னு பாருங்க."

கூட்டம் மூச்சைப் பிடித்தது. கண்ணபிரான், "ஏட்டி, வேண்டாம்" என்றார். பேச்சிராஜா கண்ணை மூடினார். அவருடைய வலது கை பட்டுத்துணிக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் துழாவிற்று. இன்னும் கொஞ்சம் துழாவிற்று. வெளியே வரும்போது வியர்த்திருந்தது. பெட்டி பச்சையாகவே எரிந்தது.

"ஆத்தா மன்னிச்சிட்டா" என்றார் பேச்சிராஜா.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடேயப்பா, என்ன கருணை என்று ஒருவர் அழவே செய்தார். சிவந்தால் சக்தி, சிவக்காவிட்டால் கருணை. இப்படிப்பட்ட பரீட்சையில் தோற்கத் தனித் திறமை வேண்டும்.

முத்துச்செல்வி அசரவில்லை. "செத்த எந்திரிங்க சாமி" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. வேனில் வந்த ஒரு பெரியம்மா, பொம்பளை கேட்கிறாள், எந்திரிச்சாத்தான் என்ன என்றாள். எழுந்தார். முத்துச்செல்வி மணையில் உட்கார்ந்தார். முந்தானையை அவிழ்த்தார். கை துணிக்குள் போனது.

"யாருக்குச் செவக்கணும், சொல்லுங்க."

 வேலியோரம் ஒரு வெள்ளாடு உப்பு பாக்கெட்டை மென்றுகொண்டிருந்தது. "சரி, அந்த ஆட்டுக்கு" என்றார். பெட்டி சிவந்தது. ஆடு மென்றுகொண்டே இருந்தது. அடுத்து வடைக்காரருக்குச் சிவந்தது. "எனக்கு எதுக்கும்மா, நான் எண்ணெயை மாத்திட்டேன்" என்று அவர் பதறினார். அடுத்து பேச்சிராஜாவுக்குச் சிவந்தது. அப்போதுதான் முன்வரிசையில் முதல் சிரிப்பு கேட்டது.

முத்துச்செல்வி பட்டுத்துணியை இழுத்துப் போட்டார். ஒரு சாதாரண வால்வு. நம் ஊரில் சொட்டுநீர் போட்ட ஒவ்வொரு மிளகாய்க்காட்டிலும் கிடப்பது. தினமும் அதைத் திருப்பித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர்கள்தான் அங்கே பாதிப்பேர்.

"நீங்களே திருப்பிப் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். கண்ணபிரான் குனிந்து மூடினார். சிவப்பு. திறந்தார். அரை நிமிடம். பச்சை. மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். மஸ்கட் வெயிலில் கறுத்த முகம் அப்போது இன்னும் ஒரு சுற்று கறுத்தது.

"நாளைக்குப் பத்திரம் இல்ல" என்றார். பிறகு பேச்சிராஜாவைப் பார்த்து, "மணையை எடுத்துக்கிட்டுப் போறீரா, நான் கொண்டாந்து போடட்டுமா?" என்றார்.

பேச்சிராஜா மணையை எடுத்துக்கொள்ளவில்லை. கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறினார். டிரைவர் அவரிடம் முன்பணம் கேட்டதாகக் கேள்வி.

கூட்டம் உடனே திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு பேர் முத்துச்செல்வியின் காலில் விழுந்தார்கள். அந்த வால்வுக்கு ஒரு முழம் பூ சுற்றலாமா என்று ஒருவர் அனுமதி கேட்டார். சனிக்கிழமை முப்பத்து நான்கில் முப்பத்தொரு பிள்ளைகள் திரும்பி வந்து குளத்தில் குதித்தார்கள். மற்ற மூன்று வீடுகளில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சிராஜா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், போர் மோட்டார் என்று நம் ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பாக ஏதோ ஒன்று மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் கூப்புவதற்கு முன்னால் மட்டும், அடியில் எவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.