ஏழு தடவை மலை ஏறினவன்

என் மனைவியை இந்த வருஷம் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், பாதி வழியில் அழவைத்து, திருப்பிக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் தற்காப்புதான்.

என் பெயர் பழனியாண்டி. பழனியும் மலை, ஆண்டியும் மலைமேல் நிற்கிறவர். பேரிலேயே இவ்வளவு மலையை வைத்திருப்பவன் காலால் வேறு ஏற வேண்டுமா? பிழைப்பும் மலையில்தான். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்துக் கங்காணி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நான் ஒரு சத்தம் போட்டால் கூடைக்காரப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தி மட்டும் கடைசியில் வந்து, "எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க, தொண்டை என்னத்துக்கு ஆகுறது?" என்பாள். அவள் பெயர் பேச்சியம்மா. பேரிலேயே பேச்சு. என் சம்சாரம்.

இப்படிப்பட்டவனுக்கு வருஷத்தில் ஒரு விடுமுறை வேண்டாமா? நானே ஒன்று உண்டாக்கிக்கொண்டேன். மலை சீசன் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை நெற்றி நிறைய விபூதி பூசி, கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, "நேத்திக்கடன் புள்ள, போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவேன். வரிசை வீடுகளாய் இருக்கிற எங்கள் லயமே வாசலில் நின்று கும்பிட்டு வழியனுப்பும்.

போவது நோட்டன் பிரிட்ஜுக்கு. அங்கே மின்சார வேலையில் இருக்கிற இராயப்பன் என் கூட்டாளி. அவன் குவார்ட்டர்ஸில் திங்கள் வரைக்கும் சீட்டில் முந்நூற்று நாலு ஆடுவோம். அவன் மனைவி சிசிலி தங்கமான பெண். சனிக்கிழமை காலையில் பன்றிக்கறி ஆக்கி மூடி வைத்துவிட்டு, "மஸ்கெலியாவுல தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வர்றேங்க" என்று போய்விடுவாள். ஒவ்வொரு வருஷமும் சரியாக அதே சனிக்கிழமை. கர்த்தருடைய கிருபை என்பான் இராயப்பன். ஆமென் என்பேன் நான்.

திங்கட்கிழமை தோட்டத்து வளைவு வந்ததும் நொண்ட ஆரம்பிப்பேன். வாசலில் வந்து விழுவேன். "ஐயோ, காலு ரெண்டும் விட்டுப் போச்சு புள்ள!" பேச்சி நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து, என் கெண்டைக்கால் இரண்டையும் நீவிவிடுவாள். அந்தச் சுகம் சீட்டாட்டத்தில்கூட இல்லை. அந்த நாட்களில் அவளும் ஒரு மாதிரி காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பாள். நான் இல்லாத ஏக்கம் பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி ஏழு வருஷம். லயத்தில் என்னை 'மலைச்சாமி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாவது சீசனில்தான் தலையில் இடி விழுந்தது.

"ஏங்க, இந்த வருஷம் நானும் வர்றேன்."

"எங்க?"

"மலைக்குத்தான். நீங்க வேற எங்கயும் போறதில்லையே?"

குடித்த தேத்தண்ணி மூக்கில் ஏறியது.

"புள்ள, அந்த ஏத்தம் ஏறுனா ஆம்பளைக்கே நாக்கு வெளிய தள்ளிரும்."

"தள்ளுனா உள்ள இழுத்துக்கிறேன்."

"அட்டை கடிக்கும்!"

"இங்க தேயிலைக்குள்ள என்ன பூனைக்குட்டியா கடிக்குது?"

"குளிரு எலும்புல ஏறும்!"

"அதான் எண்ணெய் இருக்கே."

"சரி, புள்ளைங்கள யாரு பாக்குறது?"

அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து வேலாயி குரல் கொடுத்தாள். "நான் பாத்துக்கிறேண்ணே! எப்பவும் போல!"

அது என்ன 'எப்பவும் போல' என்று கேட்க எனக்கு அப்போது புத்தி வரவில்லை. அப்போதுதான் அந்தத் தீர்மானம் எடுத்தேன். இவளை ஓட்டமும் நடையுமாக இழுத்துக்கொண்டு போவது. பாதி வழியில் உட்கார்ந்து, "அம்மாடி, எனக்கு வேணாம், இனி நீங்களே போய்ட்டு வாங்க" என்று அவள் வாயால் சொல்ல வைப்பது. அப்புறம் ஆயுசுக்கும் முந்நூற்று நாலு.

ஒரே ஒரு சிக்கல். எனக்கும் வழி தெரியாது.

மஸ்கெலியாவில் பஸ் மாறி மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கினோம். நல்ல வெயில். தேயிலைக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மலை. உச்சி மேகத்துக்குள் போவதும் வெளியே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தது. நான் அண்ணாந்தபடியே நின்றுவிட்டேன்.

"என்னங்க, மலையப் புதுசா பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"பக்தி புள்ள, பக்தி!"

வேகமாக நடந்தேன். அதாவது, முதல் தேத்தண்ணிக்கடை வரைக்கும். அங்கே பெஞ்சில் விழுந்தேன். கடைக்காரச் சிங்களவர் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். பேச்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் அவள் கையில் கொடுத்துச் சிரித்தார். நல்ல வியாபாரி, முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார் என்று வியந்தேன்.

அதற்குமேல் படி. படி முடிந்தால் பாறை. பாறை முடிந்தால் படி. கீழே தோட்டத்துத் தகரக்கூரைகள் மினுங்கின. காட்டுக்குள் ஏதோ மரம் சிவப்புச் சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தது. எங்கேயோ அருவி கொட்டுகிற சத்தம். பேச்சி எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாள். எனக்கு என் காலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேலேயிருந்து இறங்கி வருகிற சனங்கள் "கருணாவய், கருணாவய்" என்று எங்களை வாழ்த்திக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பெரியவரை நிறுத்தி, அழாத குறையாகக் கேட்டேன்.

"மாத்தயா, இன்னும் எவ்வளவு தூரம்?"

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். பேச்சி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"மலையில தூரம் கேக்கக் கூடாதுன்னு தெரியாதா? ஏழு தடவை வந்தவரு!"

"தெரியும் புள்ள. உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

"தெரிஞ்சுச்சா?"

"ம். கெட்டிக்காரி."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு பாறை நுனி மாட்டி என் வேட்டி டர்ரென்று கிழிந்தது. மலைச்சாமியின் மானம் காற்றில் பறந்தது. நல்லவேளை, பேச்சி சுருக்குப்பையைத் திறந்தாள். உள்ளே ஊசி. ஊசியில் வெள்ளை நூல் கோர்த்தே இருந்தது. என்ன முன்யோசனை! கண் கலங்கிவிட்டது. ஓரமாய்க் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வேட்டியை மடியில் போட்டுத் தைக்க ஆரம்பித்தேன்.

சுற்றி ஒரே சிரிப்பு. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா "அனே அம்மே!" என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே, பாறையெங்கும், செடியெங்கும் வெள்ளை நூல். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு ஊசி நூலை அங்கே வைத்துக் கும்பிட்டுப் போகிறார்கள்.

"என்ன புள்ள இது?"

"புத்தர் சாமி கிழிஞ்ச துணியத் தைச்ச இடமாம். ஊசியும் நூலும் காணிக்கை வைக்கணும். நம்ம காணிக்கையில நீங்க வேட்டி தைச்சிட்டீங்க."

"எனக்குத் தெரியாதா? சாமி தைச்ச எடத்துல நாமளும் தைக்கிறதுதான் விசேஷம்!"

"அப்படியா? ஏழு தடவையும் இங்க வந்துதான் கிழிச்சீங்களா?"

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவள் பையிலிருந்து இன்னொரு ஊசி எடுத்து வைத்துக் கும்பிட்டாள். இரண்டு ஊசி கொண்டு வந்திருக்கிறாள் பாருங்கள்.

கடைசி ஏற்றத்தை நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன், மறு கையால் பேச்சியின் முந்தானையைப் பிடித்தேன். அவள் மூச்சு வாங்காமல் பக்கத்தில் வந்த பெண்களோடு விலைவாசி பேசிக்கொண்டே போனாள். பாதி வழியில் உட்கார்ந்து "எனக்கு வேணாம்" என்று சொன்னது உண்மைதான். சொன்னது நான்.

"எந்திரிங்க. லயத்துல கேட்டா என்ன சொல்லுவேன்?"

எந்திரித்தேன்.

உச்சி! எட்டுத் திக்கும் மலை மலையாய் நீலம். மேகம் காலுக்குக் கீழே. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும், நான் வந்த காரியத்தை மறந்து வாயைப் பிளந்துவிட்டேன். இவ்வளவு அழகை விட்டுவிட்டா ஏழு வருஷம் இராயப்பன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டோம். வாசலில் நின்ற புத்த சாமியார் சிரித்தபடி, "மே அவுருத்தெத் ஆவா நேத?" என்றார். இந்த வருஷமும் வந்துவிட்டீர்களா என்கிறார். என் புகழ் இங்கேவரைக்கும் பரவிவிட்டதா! பூரித்துப்போய் விழுந்து கும்பிட்டேன். அவர் என்னைத் தாண்டி என் பின்னால் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போதுதான் அந்த மணி கண்ணில் பட்டது.

அந்த மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலை ஏறி வந்தவர், தான் எத்தனை தடவை வந்தாரோ அத்தனை தடவை அதை அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவருக்கு ஒன்று. பொய்யாய் அடிக்க யாருக்கும் துணிச்சல் வராது. சாமி பக்கத்திலேயே இருக்கிறது.

"அடிங்க" என்றாள் பேச்சி.

"வேணாம் புள்ள. பெருமை பேசக் கூடாது."

"இது பெருமையில்ல, முறை. இன்னையோட எட்டு. அடிங்க."

நம் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் வேறு, "அடிங்க மலைச்சாமி!" என்று பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒன்றோடு நிறுத்தினால் ஊரில் தலை காட்ட முடியாது. எட்டு அடித்தால் சாமி கண்ணைக் குத்தும். மனுஷன் என்ன செய்வான்? சாமி மன்னிப்பார், லயம் மன்னிக்காது என்று கயிற்றைப் பிடித்தேன். ணங்! முதல் மணியை நெஞ்சு நிமிர்த்தி அடித்தேன்; அது சத்தியமானது. மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஒவ்வொன்றும் என் மண்டைக்குள்ளேயே அடித்தது.

"இப்ப நீ ஒண்ணு அடி புள்ள" என்று கயிற்றைக் கொடுத்தேன்.

பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ணங்!

"போதும், வா."

ணங்! ணங்!

"ஏ புள்ள, சாமி குத்தம்! ஆளுக்கு எத்தனை தடவையோ அத்தனைதான்!"

"தெரியும்" என்றாள். ணங்! ணங்! ணங்! ணங்! ணங்!

எட்டு. சாமியார் சிரித்துக்கொண்டே ஆசீர்வாதம் செய்தார். நான் அவள் காதோடு குனிந்தேன்.

"பேச்சி... எப்ப?"

"நீங்க வெள்ளிக்கிழமை போவீங்க. நாங்க பொம்பளைங்க சனிக்கிழமை கிளம்புவோம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருவோம். முத வருஷம் உங்கள எதிர்பாத்து ஒரு பொட்டலம் புளிச்சோறு வேற கட்டிக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு கடையிலயும் கேட்டேன். அப்படி ஒரு ஆளே வரலேன்னாங்க. எங்கயோ உருண்டு விழுந்துட்டீங்கன்னு இந்தப் படியில உக்காந்து ஒப்பாரி வச்சேன். அப்ப பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அக்காதான் பேரக் கேட்டுட்டு, 'அழாதடி, அந்த ஆளு எங்க வீட்டுல பன்னிக்கறி தின்னுக்கிட்டு இருக்காரு'ன்னு சொல்லுச்சு."

"சிசிலியா?"

"அதுவும் இது ஆதாம் பாதம்னு வருஷா வருஷம் வருது. எங்களோடதான்."

தலை சுற்றியது. மேகம் காலுக்குக் கீழே இருந்ததா, தலைக்குள் இருந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப ஏழு வருஷமா ஏன் புள்ள சொல்லல?"

"உங்களுக்கு ஒரு விடுமுறை வேணாமா? எனக்கும் ஒண்ணு கிடைச்சுச்சு. ஆனா போன வருஷம் கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி, 'எண்ணெய் சூடா இல்லையே, உனக்கென்ன மலை ஏறுன வலி தெரியுமா'ன்னு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்."

நான் கையைப் பிசைந்தேன். "சரி, நடந்தது நடந்துபோச்சு. எட்டு மணி அடிச்சிட்டேனே, சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிக்காது. உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். ஒண்ணு ஏறிட்டீங்க, மிச்சம் ஏழு தடவையையும் வருஷத்துக்கு ஒண்ணா ஏறிக் கழிச்சுருவாருன்னு. நானே கூட்டிக்கிட்டு வர்றேன்."

திங்கட்கிழமை தோட்டத்து வளைவில் நான் நொண்ட ஆரம்பிக்கவில்லை. நல்லதண்ணியிலேயே ஆரம்பித்தாயிற்று. வாசலில் வந்து விழுந்தேன். இந்த முறை நடிப்பே இல்லை. "ஐயோ, காலு ரெண்டும் விட்டுப் போச்சு புள்ள!" என்று கத்தியபோது எனக்கே அழுகை வந்தது. அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசம் வந்தது. தங்கமானவள், என்ன இருந்தாலும் மனசு இளகிவிட்டாள் என்று காலை நீட்டினேன்.

பேச்சி எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து, தன் கால் இரண்டையும் என் மடிமேல் நீட்டினாள்.

"நல்லா அழுத்தி நீவுங்க. இது முத வருஷத்துக்கு."

நீவினேன். வேலாயி வாசலில் நின்று பார்த்துவிட்டு, லயம் முழுக்கச் சொல்ல ஓடினாள். பேச்சி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"எண்ணெய் சூடா இல்லையே."