ஆத்தா வேண்டாமென்ற அயோடின்

என் மேல் இதுவரை எந்தச் சாமியும் வந்ததில்லை. இதை என் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. (நம்பியிருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.)

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஜொகூரில் கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பந்தலுக்கு மூங்கில் வெட்டுகிறேன் பேர்வழி என்று முழங்காலைக் கீறிக்கொண்டேன். பூனை பிறாண்டினால்கூட அதைவிட ஆழமாக இருந்திருக்கும். மாப்பிள்ளை அல்லவா, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் கிடையாது; காயத்துக்கு மருந்து போடும் டிரெஸ்ஸர்தான் எல்லாம். அவருக்கு அயோடின் மேல் அப்படி ஒரு பிரியம். முழங்காலில் தொடங்கித் தொடைவரை பூசிவிட்டார்.

மறுநாள் கால் முழுக்கக் கொப்புளம். கொண்டுபோய்க் காட்டினேன்.

"கிருமி ஏறுது தம்பி. இன்னும் நல்லா போடணும்."

கொப்புளத்தின் மேலும் பூசினார். வீடு வந்து சேர்வதற்குள் முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுத்தது. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். அம்மாவோ என்னைப் பார்த்ததும் வாசலில் வேப்பிலை செருகினாள். அவளைப் பொறுத்தவரை கொப்புளம் என்றால் அம்மை, வந்திருப்பது மாரியாத்தா.

சேதி கேட்டு பெக்கோக்கிலிருந்து பெண்ணின் அப்பா வந்து நின்றார். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. போதாததற்கு டிரெஸ்ஸரும் புட்டியோடு வீடு தேடி வந்துவிட்டார். (என்ன ஒரு கடமையுணர்ச்சி.)

"போடாதே... போடாதே..." என்று குழறினேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கேட்டீங்களா டிரெஸ்ஸரய்யா? ஆத்தாவே வாயத் தொறந்து சொல்லிட்டா. மருந்து போடக்கூடாது. நீங்க போங்க."

காலையில் நான் எரிகிறது என்று கத்தியபோது காதில் வாங்காத மனுஷன், இப்போது புட்டியை மூடிக் கும்பிட்டார்.

பெண்ணின் அப்பா கைகூப்பி என் முன்னால் வந்தார். "தாயே, கல்யாணத்த வச்சிக்கலாமா, வேணாமா?"

நான் ஆத்தா இல்லை என்று சொன்னால் புட்டி திறந்துவிடும், கல்யாணமும் போய்விடும். வைத்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினேன். பலமாகவே ஆட்டினேன்.

வீக்கம் தானாக வடிந்தது. பிறகு ஜொகூர் பாருவில் ஒரு டாக்டர், என் உடம்புக்கு அயோடின் ஆகாது, இன்னொரு தடவை பூசியிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டேன் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? அம்மா ஆத்தா காப்பாற்றினாள் என்றாள். டிரெஸ்ஸர் தன் மருந்துதான் காப்பாற்றியது என்று தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்றைக்கும் சண்டை வந்தால் என் மனைவி என்னோடு பேசுவதில்லை. நேரே சாமி படத்திடம் போய்விடுவாள்.

"நீ தலையாட்டினதாலதான தாயே கட்டிக்கிட்டேன். இவர யாரு கேட்டா?"