என் கால் கிளச்சில் இல்லை

கனகராயன்குளம்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ளோரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் ஞாயிறு இதழில் வரும் 'வாகன மருத்துவர்' பகுதி.

சென்ற மாதம் அந்தப் பகுதிக்கு நான் ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். முப்பது வருடப் பழைய எங்கள் கார், ஓரிடத்தில் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் காய்ச்சல்காரன்போல நடுங்குகிறது, வெளிக்கிடுவோமென்று அக்சிலேற்றரை மிதித்தால் உடனே இழுக்காமல் ஒருதரம் இருமி, யோசித்து, அதன் பிறகுதான் நகர்கிறது என்று எழுதியிருந்தேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஏ9 வீதிக்கு ஏற ரயில் பாதையைக் கடக்க வேண்டும், அந்தக் கடவைக்குக் கேற்றும் இல்லை காவலாளியும் இல்லை, கார் யோசிப்பதற்குத் தெரிந்தெடுத்த இடம் சரியாகத் தண்டவாளத்தின் நடு என்பதையும் எழுதியிருந்தேன். அதற்கு உங்கள் மருத்துவர் தந்த பதில் முழுவதும் இதுதான்: 'சகோதரி, பெண்கள் கிளச்சில் காலை வைத்தபடி ஓட்டுவதால் இப்படி நேர்வதுண்டு. ஒரு வாரம் கணவரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடியில் பொம்மைகள் தொங்கவிட வேண்டாம்.'

ஐயா, என் கால் கிளச்சில் இல்லை. கண்ணாடியில் பொம்மையும் இல்லை. என் கணவர் கோகுலனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளையே இறங்கி உருட்டிக்கொண்டு கடவையைக் கடக்கிற மனிதர் அவர். உங்கள் பதிலை வாசித்துவிட்டு, "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். அடுத்த கேள்வியை என்ர பேரில போடுவம். எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கெண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் எழுதுறன்" என்றார். "என்ர காதால கேட்டதை உங்கட பேரில எழுத நான் இன்னும் சாகேல்லை" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

இதற்கிடையில் தினமும் என்னோடு பள்ளிக்கூடம் வருகிற வீரம்மா ரீச்சர், கடவை நெருங்கியதும் காரின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கத் தொடங்கினா. "ரீச்சர், கதவைச் சாத்துங்கோ" என்றேன். "சும்மா காத்துக்குத்தான் ரீச்சர், நீங்க ஓட்டுங்க." "காத்துக்குக் காலை ஏன் வெளியில வைக்கிறியள்?" "காலுக்கும் வேர்க்குதுல்ல." அப்படியிருக்க ஒருநாள் நாங்கள் தண்டவாளத்தில் ஏறவும் தூரத்தில் ரயில் கூவவும் கார் இருமவும் சரியாக இருந்தது. நான் மிதிக்கிறேன், அது யோசிக்கிறது, நான் மிதிக்கிறேன், அது யோசிக்கிறது, கடைசியில் ஒரு உதறு உதறி அக்கரை ஏறிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தால் அங்கே சாப்பாட்டுப் பெட்டி மட்டும்தான் இருந்தது. ரயில் வர இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் வீரம்மா ரீச்சர் அதற்குள் வீதிக்கரையில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தா.

பிறகு நானும் கோகுலனும் கார் திருத்துகிற ஐயாத்துரை அண்ணையின் கராச்சுக்குப் போனோம். எரிபொருள் தடை இருந்த போர்க்காலத்தில் வன்னியில் ஓடிய அத்தனையையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கெட்டிக்காரர். அன்றிலிருந்து அவருக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்றுதான். "பெற்றோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு, தங்கச்சி." "இல்லை அண்ணை, எங்கையோ காத்து இழுக்குது. சீறுற சத்தம் கேக்குது." "அது மண்ணெண்ணெய்ச் சத்தம்" என்றுவிட்டுக் கோகுலன் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கள் சொல்லுங்கோ, என்ன சத்தம்?" என்றார். "எனக்கு ஹோண் சத்தம் மட்டுந்தான் விளங்கும் அண்ணை." தாங்கியைக் காலி செய்து, கையில் ஊற்றி மணந்து பார்த்தார். அது நல்ல பெற்றோலாக இருந்ததில் அவருக்கு உண்மையாகவே மனவருத்தம். பிளக்குகளைத் துடைத்துப் பூட்டினார். கார் அப்படியே நடுங்கியது.

மண்ணெண்ணெய்ச் சத்தம் எதுவென்று எனக்குத் தெரியும் ஐயா. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அப்பாவின் மோட்டார் சைக்கிளை அவர் உதைக்க உதைக்க, அது பற்றிக்கொள்வதற்காக ஊசிக்குழாயால் பெற்றோல் துளி விட்டவள் நான். வயது பன்னிரண்டு. கூட விட்டால் எஞ்சினுக்கு மூச்சடைக்கும், குறைய விட்டால் இருமும். அப்பா உதைப்பதை நிறுத்திவிட்டு, "பிள்ளை, என்ன சொல்லுது?" என்று கேட்பார். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

போன சனிக்கிழமை நானே பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தேன். காபரேற்றருக்குப் பின்னால் சுண்டுவிரல் பருமனில் ஒரு இறப்பர்க் குழாய், அடிப்பக்கம் வெடித்திருந்தது. விரலால் நசுக்கிப் பிடித்தேன். நடுக்கம் நின்றது. கோகுலனைக் கூப்பிட்டேன். பொனற்றில் கை வைத்துப் பார்த்து, "நிப்பாட்டிப்போட்டீரோ?" என்றார். "ஓடுது." "ஓடுதோ?" குனிந்து பார்த்தார். "மெய்தான், ஓடுது." ஐயாத்துரை அண்ணை குழாயை மாற்றித் தந்தார். "தற்செயலாக் கை பட்டிருக்கு" என்றார், கோகுலனிடம்.

அடுத்த நாள் உங்கள் பத்திரிகை வந்தது. பரந்தனிலிருந்து அனோஜன் என்ற ஒருவர் என்னுடைய அதே நடுக்கத்தையும் அதே இருமலையும் கேட்டிருந்தார். 'அன்புள்ள அனோஜன், அருமையான கேள்வி' என்று தொடங்கிப் பதினொரு வரி. சீறல் கேட்கிறதா பாருங்கள், இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். அனோஜன் காலை எங்கே வைத்திருக்கிறார் என்று உங்கள் மருத்துவர் விசாரிக்கவில்லை. தெரியாமல் சொல்லாதிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்திருந்தும், தண்டவாளத்தில் நிற்கிறேன் என்று எழுதியவளுக்குப் பொம்மையைக் கழற்றச் சொன்னாரே.

இக்கடிதத்தை ஓர் எழுத்தும் குறையாமல், என் பெயருடனேயே வெளியிட வேண்டும். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் ஒரு குறையும் வராதிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். வாகன மருத்துவரைப் பற்றிப் பிள்ளையாரிடம் தனியாகக் கதைப்பேன்.

இங்ஙனம்,
தாட்சாயினி கோகுலன்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க இன்று காலை வெளிக்கிட்டபோது கார் மறுபடி நடுங்கியது. இம்முறை சீறல் இல்லை. எல்லாக் குழாய்களையும் நசுக்கிப் பார்த்துவிட்டேன். கடவையில் முன்னரைவிட நீளமாக யோசித்தது. ஆகவே மேலுள்ளதை வெளியிட வேண்டாம், மருத்துவரிடம் காட்டவும் வேண்டாம். கீழுள்ள கேள்வியை மட்டும் இந்த ஞாயிறே போட்டுதவவும்.

'ஐயா, எனது பழைய கார் நிற்கும்போது நடுங்குகிறது, மிதித்தால் இருமுகிறது. குழாய்களில் வெடிப்பு இல்லை. பெற்றோல் நல்லது. எஞ்சின் முன்பக்கத்தில் இருக்கிறது. என்ன செய்யலாம்? - க. கோகுலன், கனகராயன்குளம்.'