மாப்பிள்ளை கேட்கும் ப்ளூஸ்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை திரு. பூவரசன் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் முனிரத்தினம் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை ஜெயம்மாளும் நல்ல சுகம். பெங்களூரில் நீங்களும் பாரதியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எல்லாரும் சும்மா எழுதுகிற வரிதான். நான் மட்டும் இதை நேற்று சாயங்காலத்திலிருந்து விடாமல் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் சாகவில்லை. உட்கார்ந்து படியுங்கள். பாரதி பக்கத்தில் இருந்தால் ஏதாவது வேலையாக அனுப்பிவிட்டுப் படியுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனைக் கையில் எடுத்ததில்தான் எல்லாமே ஆரம்பித்தது, இனி அதை நம்ப எனக்குத் தைரியமில்லை. நேற்று சாயங்காலம் ஏழரை மணிக்கு இங்கிலாந்து வானொலி ஏதாவது கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் கடவுள் இருக்கிறார். கேட்டிருந்தால், எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடும்படி, கல்யாணத்தன்று உங்கள் காலைக் கழுவிய அதே கையால் கேட்டுக்கொள்கிறேன்.

தலை தீபாவளிக்கு வந்தீர்கள். இரண்டு நாளும் கூடத்து நாற்காலியில் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். நானும் எதிரே உட்கார்ந்து எங்கள் தோல் கம்பெனி விஷயமெல்லாம் சொன்னேன். அந்த இரண்டு நாளில் நீங்கள் என்னிடம் பேசியது, இட்லி வைத்தபோது "போதும் மாமா" என்று ஏழு தடவை. கடைசியில் "இன்னா மாப்பிள்ளை கேக்கறீங்க?" என்று நானே கேட்டேன். "ப்ளூஸ், மாமா" என்றீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளையிடம் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது, அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

மறுவாரம் கம்பெனியில் என் தோஸ்த் ஒவைஸிடம் பெருமையாகச் சொன்னேன். மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன், துபாய் ஓட்டலில் ஆறு வருஷம் இருந்தவன், உலகம் தெரிந்தவன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"முனி, கல்யாணமாயி எத்தினி மாசம் ஆச்சு?"

"அஞ்சு. ஏன்டா?"

"அஞ்சு மாசத்துலயே ப்ளூஸா? பேஜாராச்சேப்பா. அது அமெரிக்காக்காரன் சோகப் பாட்டுப்பா, அதுல பாதி பாட்டு பொண்டாட்டி போய்ட்டாங்கறது. மீதி பாட்டு இன்னும் போவலியேங்கறது."

மாப்பிள்ளை, நான் பாரதியைப் பெற்றவன். அவள் கோபம் எனக்குத் தெரியும், அது உங்கள் அத்தையின் கோபம், கம்பெனியில் எந்த மெஷினுக்கும் அந்த அழுத்தம் கிடையாது. நீங்கள் கண்ணை மூடி மூச்சு விட்டது ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளை எதையோ மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பாட்டில் அழுகிறது என்று முடிவு செய்தேன். எந்த வகை பாட்டு, போய்விட்டாள் வகையா போகவில்லையே வகையா என்று தெரிந்துவிட்டால் அதற்குத் தக்கபடி பேசலாம் என்று போனில் தேட ஆரம்பித்தேன்.

நான் பத்தாவது ஃபெயில். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் எது முதல் தரம், எது ரிஜெக்ட் என்று சொல்லிவிடுவேன். அதே மாதிரி வானொலி நிலையங்களையும் நோட்டுப் போட்டுப் பிரித்தேன். முதலில் வந்த நிலையத்தில் ஆளே இல்லை, மெஷின்தான் பாட்டுப் போடுகிறது, மூன்று பாட்டுக்கு ஒரு தடவை பல்செட் ஒட்டுகிற பசைக்கு விளம்பரம், மூன்றாம் தரம். இன்னொன்றில் அப்பளம் பொரிக்கிற சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரியவர் பாடுகிறார், ரெக்கார்டு முழுக்கக் கீறல், ஆனாலும் உள்ளே நல்ல தோல், இரண்டாம் தரம். மற்றொன்று நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டது, சரி என்று அழுத்தினேன். பிறந்த தேதி கேட்டது, சொன்னேன். அப்புறம் பேங்க் கார்டு நம்பர் கேட்டது பாருங்கள், போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். உங்கள் அத்தை சோறு வைக்க அரிசி அளக்கும்போது பார்த்துவிட்டு, "போன் தண்ணில வுழுந்துச்சா?" என்றாள். "ஆமா" என்றேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. வாசலில் பைக் நின்றால் போலீஸ் என்று நினைத்துப் பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அந்த நிகழ்ச்சி கிடைத்தது. இங்கிலாந்தில் ஏதோ சின்ன ஊர், சனிக்கிழமை அங்கே மதியம் இரண்டு மணி, நமக்கு ஏழரை. நடத்துகிற அம்மாளுக்குத் தொண்டை கட்டியது மாதிரிக் குரல். யார் பாடியது, எந்த ஊர்க்காரர், கிடாரை யாரிடம் கடன் வாங்கி வாசித்தார் என்று எல்லாம் சொல்கிறார், அதிகமாகவும் சொல்வதில்லை. சந்தேகமே இல்லாமல் முதல் தரம். எங்களிடம் தோல் வாங்குகிற பையர் இங்கிலாந்துக்காரர்கள்தான், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து நிற்பார்கள், அதனால் அந்தப் பேச்சு எனக்கு முக்கால்வாசி பிடிபடும். பயத்தில் உளவு பார்க்கத்தான் உட்கார்ந்தேன், மாப்பிள்ளை. மூன்றாவது வாரம் ஏழு மணிக்கே முகம் கழுவிக்கொண்டு காத்திருந்தேன். பாடுகிறவர் ஒரு வரி சொல்கிறார். அதையே திரும்பவும் சொல்கிறார். மூன்றாவது வரியில்தான் விஷயத்துக்கு வருகிறார். "உன்ன மாதிரியே பேசறான்" என்றாள் உங்கள் அத்தை. ஒரு பாட்டில் ஆள் ரொம்பவும் அழ, அவளே எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"அவன் சம்சாரம் ரயிலேறிப் போய்டுச்சாம்."

"அடுத்த வண்டில இவனும் போறதுதானே? ஏன் பிளாட்பாரத்துல நின்னுக்கினு பாடறான்?"

நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இனிமேல்தான் நான் செய்த பாவம். அந்த அம்மாள் நிகழ்ச்சியில், கேட்பவர்கள் தங்களைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லி ஒரு படிவம் வைத்திருக்கிறார். நீ யார், எந்த ஊர், எதற்காக ப்ளூஸ் கேட்கிறாய் என்று மூன்று கேள்வி. மாப்பிள்ளை, உங்கள் ஆபீசில் எப்படியோ, எங்கள் கம்பெனியில் இங்கிலாந்துக்காரர் படிவத்தில் கேள்வி கேட்டால் அதற்கு ஆடிட் என்று பேர். பையர் அனுப்புகிற ஆள் சோதனைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே எங்களுக்குப் பாடம் நடக்கும். குறை சொல்லாதே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல், வயது, குடிதண்ணீர், கக்கூஸ், பூட்டாத கதவு நான்கையும் மறக்காமல் சொல். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தன்னால் எழுதிவிட்டது. எழுதினது இதுதான், மறைக்கவில்லை:

"நான் முனிரத்தினம், ஆம்பூர். ப்ளூஸ் கேட்பது என் மாப்பிள்ளை பூவரசன், பெங்களூர். அவருக்கும் என் மகளுக்கும் ஆறு மாதம் முன்பு கல்யாணம் நடந்தது. இருவரும் பதினெட்டு வயது நிரம்பியவர்கள். யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. இன்றுவரை புகார் எதுவும் வரவில்லை. வீட்டில் சுத்தமான குடிதண்ணீர் உண்டு. கதவு வெளிப்பக்கம் பூட்டப்படுவதில்லை. என் மகள் எந்த நேரமும் தன் விருப்பப்படி வெளியேறலாம். எல்லாம் நன்றாக இருக்கிறது."

நேற்று இதை அந்த அம்மாள் முழுதாக வாசித்தார். சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னார், இத்தனை வருஷத்தில் இவ்வளவு துக்கமான கடிதம் தனக்கு வந்ததில்லையாம். "கதவு பூட்டப்படுவதில்லை" என்பதை இரண்டு தடவை சொன்னார். பெங்களூர் பூவரசனுக்காக என்று ஒரு பாட்டுப் போட்டார். பாட்டு முடிவதற்குள் ஒன்பது பேர் எழுதிவிட்டார்கள், "தைரியமாக இரு பூவரசன்" என்று. ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் தன் மனைவி போய் முப்பது வருஷமாகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை, அந்த நிகழ்ச்சி இன்னும் ஆறு நாள் இணையத்தில் இருக்குமாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம். நீங்கள் நல்ல ப்ளூஸ் எங்கே என்று தேடுகிற ஆள், என் கண்ணில் பட்டது உங்கள் கண்ணில் படாதா? பாரதியைத் துரத்திவிட நான்தான் வழி சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளிடம் குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். கோபத்தில் தட்டை வேகமாக வைப்பாள், ஆனால் தட்டில் குறை இருக்காது. அவள் இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும், ஆனால் உங்களோடு வரவேண்டும் என்பதுதான் என் பயமெல்லாம்.

இருவரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும், ஒரே வீட்டில், பல்லாண்டு இருக்க வேண்டுகிறேன். சம்பந்தி அம்மாளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். ரேடியோ விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்குப் பயத்துடன்,
மு. முனிரத்தினம்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது பாரதி அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். பிடுங்கிக் கேட்டேன்.

"நேத்து மாப்பிள்ளை ப்ளூஸ் கேட்டாரா?"

"எந்த ப்ளூஸு? அவரு அதெல்லாம் கேக்க மாட்டாரேப்பா."

"தீபாவளிக்குக் கேட்டாரே!"

எவ்வளவு நேரம் சிரித்தாள் தெரியுமா? "அந்த ஹெட்செட்ல சார்ஜே இல்லப்பா. நீ தோலு தோலுன்னு ரெண்டு நாளா வுடாம பேசினியே, அதுக்குத்தான் மாட்டிக்கினு உக்காந்தாரு. நீ திடீர்னு கேட்டதும் வாயில வந்தத சொல்லிட்டாரு."

ஆக, சார்ஜ் இல்லாததால் நான் பேசியது முழுக்க உங்கள் காதில் விழுந்திருக்கிறது. பாவம் நீங்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் நம் குடும்பத்தில் ப்ளூஸ் கேட்கிற ஆள் இப்போது நான் ஒருத்தன்தான், வேறு யாரிடம் சொல்வேன்? பொங்கலுக்கு வாருங்கள். ஹெட்செட்டைக் கொண்டு வாருங்கள், நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், எதிரெதிரே மாட்டிக்கொண்டு சும்மா உட்காரலாம். தோல் பற்றிப் பேசமாட்டேன். சனிக்கிழமை ஏழரைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், என்னுடையதில் சார்ஜ் இருக்கும்.

அந்த அம்மாளுக்கு, எல்லாம் நன்றாக இருக்கிறது, யாரும் போகவில்லை என்று இன்றே எழுதிவிடப் போகிறேன். நம்புவாரா என்றுதான் பயமாக இருக்கிறது. போன தடவையும் அதைத்தானே எழுதினேன்.