மாமா மீது திருப்பிய சிவப்பு விளக்கு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன்.

"உன் மாமா மனசுல யாராவது இருக்காங்களான்னு பார்த்துச் சொல்லு, ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் பதில் சொல்லணும்" என்றீர்களே, அதற்காகவே இன்று மாமாவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன், இங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே கண்ணாடிக் குழாய்களில் பழ ஈக்கள். பிறந்ததிலிருந்து தனியாக வளர்ந்த ஆண் ஈகூடப் பெண் ஈயைக் கண்டதும் பின்னாலேயே போய், முன்காலால் மெல்லத் தட்டி, ஒரு சிறகை விரித்து அதிரவைத்துப் பாடுகிறது. யாரும் சொல்லித்தருவதில்லை. அதற்கான நரம்புகளை மூளைக்குள் ஒரு மரபணு அமைத்துவைக்கிறதாம். பெண் ஈ பிடிக்காவிட்டால் உதைத்துவிட்டு ஓடும், பிடித்தால் நடையைக் குறைக்கும். மாமா மரபணுவை மாற்றி வளர்த்த ஓர் ஈக்குச் சிவப்பு விளக்கைப் போட்டாலே அந்த நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அது குழாய் வாயிலிருந்த பஞ்சு அடைப்பைப் பார்த்துப் பாடியது.

அப்போது பக்கத்து அறையில் ஆய்வு செய்யும் அக்கா, ஈக்களை நகர்த்தும் தூரிகை கேட்டு வந்தார். மாமா அவர் பக்கம் திரும்பினார், பின்னாலேயே போனார், ஒரு கையை விரித்தார், பாட்டு மட்டும் வரவில்லை. உதவலாமே என்று விளக்கை மாமா தலைக்கு நேராகத் திருப்பினேன்.

"என்னடி பண்றே?"

"உங்களுக்குப் பேச்சு வரட்டும்னுதான் மாமா."

"அது ஈக்குடி. மனுஷனுக்கு வேலை செய்யாது. அணை."

"இருக்கட்டும், கொஞ்ச நேரம் எரியட்டுமே" என்றார் அக்கா.

மாமாவின் முகம் சிவந்தது விளக்காலா வெட்கத்தாலா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கடைசியில் வாய் திறந்து, "ஈத் தீனி இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டார். "இருக்கு" என்று சொல்லி அக்கா போய்விட்டார்.

மாமா மனதில் இருப்பவர் யாரென்று தெரிந்துவிட்டது, பெரியம்மா. ஆனால் இந்தப் பிறவியில் அவர் அதைச் சொல்லப்போவதில்லை. பெண் வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். நீங்கள் நன்றாக இருந்தால் நாங்களும் நன்றாக இருப்போம்.

அன்பு மகள்

பின்குறிப்பு: சரி என்று சொல்லிவிடாதீர்கள். அக்கா தூரிகையைத் திருப்பித் தர வந்தார். "உங்க அக்கா உங்களுக்குப் பொண்ணு பார்க்கிறாங்களாமே. ஞாயித்துக்கிழமை நானே வந்து அவங்ககிட்ட பேசறேன். உங்களை நம்பினா எனக்கு வயசாயிடும்" என்று மாமாவிடம் சொன்னார். நீங்கள் பெண் பார்ப்பதை அவரிடம் சொன்னது நான்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். மாமா "சரி" என்றார். அப்போது சிவப்பு விளக்கு எரியவில்லை. இருவரும் கிளம்பிவிட்டார்கள். அக்கா நடையைக் குறைத்துக்கொண்டுதான் போகிறார். நான் உள்ளே உட்கார்ந்து எழுதுவது இருவருக்கும் மறந்துபோய், அறை விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இந்தக் கடைசி வரிகளைச் சிவப்பு விளக்கில்தான் எழுதுகிறேன்.