ஆறு கட்டம் பாக்கி

கணக்கில் நாற்பது ரூபாய் கூடுதலாக இருந்தது.

குறைந்திருந்தால் அந்த வீட்டில் யாரும் பதறியிருக்க மாட்டார்கள். குறைவது அங்கே பழகிப்போன விஷயம். மூன்று வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அன்றைய வரவு செலவை எழுதுகிறார்கள். ஒரு நாள்கூடப் பணம் அதிகமாக வந்து தொல்லை கொடுத்ததில்லை.

"மறுபடியும் எண்ணுங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக் மறுபடியும் எண்ணினான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். இருபதாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கை, பிஸ்கட் டப்பாவிலிருந்து சில்லறையை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கியது.

"நாற்பது அதிகம்தான்."

"அப்பா பாக்கெட்டை நான் பார்த்தாச்சு. ஒரு ஸ்க்ரூ மட்டும்தான் இருந்துச்சு," என்றாள் ஆடிட்டர்.

ஆடிட்டர் என்பது ஆறு வயது மகள். அப்பாவின் சட்டைப் பை, கால்சட்டைப் பை, அம்மாவின் கைப்பை மூன்றையும் சோதனை போடுவது அவள் பொறுப்பு. இந்தப் பதவியை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"இருந்துட்டுப் போகட்டுமே. வந்தா நல்லதுதானே?" என்றான் மெக்கானிக்.

"எது நல்லது? வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?" மனைவி மருந்துக் கடையில் பில் போடுபவள். ஒரு காசு இடித்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது. "மளிகைக்காரர்தான் மிச்சத்தைக் கூடுதலா குடுத்திருப்பார். பாவம், தேடிட்டிருப்பார். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அந்த நாற்பதைக் காலையில் டப்பாவுக்குள் நைசாகப் போட்டவனே மெக்கானிக்தான். மளிகைக்காரர் நியாயமான மனுஷர், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மறுநாள் மளிகைக்காரர் கண்ணை இமைக்காமல், "ஆமாம்மா, நானும் நேத்திலேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்," என்று சொல்லி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

தன் வீட்டு டப்பாவில் தானே திருட்டுத்தனமாகப் பணம் போட வேண்டிய நிலைமை ஒரு மனுஷனுக்கு ஏன் வர வேண்டும்? அதைச் சொல்ல வேண்டுமானால் சோபாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் கடன் சங்கத்தில் பணம் வாங்கி வீட்டை நிரப்பினார்கள். கட்டில், பீரோ, பெரிய டிவி, கடைசியாக ஒரு சோபா. ஊரிலுள்ள லிஃப்ட் கதவுகளையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருப்பவன், சொந்த வீட்டு வாசற்கதவை அளக்க மறந்துவிட்டான். சோபா நான்கு நாள் மாடிப்படியில் நின்றது. மேல் வீட்டுக்காரர்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு ஏறினார்கள். கடைசியில் பாதி விலைக்கு விற்றான். சோபா போய்விட்டது, அதன் கடன் மட்டும் கதவு வழியாகத் தாராளமாக உள்ளே வந்தது. அப்புறம் பிரசவச் செலவு. வட்டி குட்டி போட்டு, மகளுக்கு மூன்று வயதானபோது எல்லாவற்றையும் சேர்த்து முப்பத்தாறு தவணை என்று சங்கத்தில் எழுதிவிட்டார்கள்.

அதுவரை அவர்கள் குடும்பம் நடத்திய லட்சணம் தனி. வேலை விட்டதும் மெக்கானிக் கூட்டாளிகளோடு டீக்கடையில் உட்கார்ந்து ஒன்பதரை மணிக்குத்தான் வருவான். மனைவி அக்காவோடு போனில் பேசிக்கொண்டே தட்டை வைப்பாள். இருவரும் டிவியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண ஆல்பத்தைத்தான் எடுக்க வேண்டும்.

கடன்தான் அவனை ஏழு மணிக்கு வீட்டுக்கு இழுத்து வந்தது. டிவியை விற்றார்கள். டீக்கடை நின்றது. நோட்டுப் புத்தகம் வந்தது. செலவை எழுதினால் போதாது, ஏன் செலவு என்றும் சொல்ல வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் டிக்கெட் ஒன்று அதிகமாக இருந்தால், அதன் பின்னால் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடிய பல் டாக்டரின் கதை வரும். மருந்துக் கடையில் வாங்கிய ஒரு தலைவலி மாத்திரைக்குப் பின்னால், அதை வாங்க வைத்த மேனேஜரின் கதை வரும். ஒரு முட்டையை மூன்று பேருக்குச் சமமாக நறுக்கும் வித்தையை அந்த மேஜையில்தான் கற்றார்கள். மனைவி அவனுக்கு முடி வெட்டிவிட்டாள். இடது காதோரம் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. "எந்த லிஃப்ட் கதவுல மாட்டுச்சு?" என்று பட்டறையில் ஒரு வாரம் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று, ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்து, வாங்காமல் வீட்டுக்கு வருவார்கள். வாங்காமல் விட்டதன் விலையையெல்லாம் ஆடிட்டர் கூட்டிச் சொல்வாள். "இன்னைக்கு நாம எவ்வளவு மிச்சம் பண்ணிட்டோம் பாருப்பா!" அந்த மூன்று வருஷம் போல அவன் வாழ்நாளில் இன்னொரு மூன்று வருஷம் கிடையாது. இது அவனுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் சங்கடம்.

ஏனென்றால் கடன் முடிந்துவிட்டது.

முப்பத்திரண்டாவது தவணையின்போது ஒரு பெரிய கட்டடத்தில் நான்கு லிஃப்டை மாற்றும் வேலை வந்தது. ஓவர்டைம் மொத்தமாகக் கைக்குக் கிடைத்தது. மனைவிக்குச் சொல்லாமல் சங்கத்துக்கு ஓடி, மிச்சமிருந்த தவணைகளை ஒரே மூச்சில் கட்டினான். கவுன்டரில் இருந்த வழுக்கைத் தலை எழுத்தர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

"இந்தச் சங்கத்துல முன்கூட்டியே கடனை அடைச்ச மூணாவது ஆள் சார் நீங்க. வீட்டுல சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

சொல்லத்தான் வந்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழு. மேஜையில் நோட்டுப் புத்தகம் விரிந்திருந்தது. மனைவி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "என்னங்க, சீக்கிரம் வாங்க, இன்னைக்கு மேனேஜர் என்ன பண்ணார் தெரியுமா?" என்று சிரித்தாள். ஆடிட்டர் ஓடி வந்து பாக்கெட்டில் கையை விட்டாள். கடன் இல்லையென்றால் நோட்டு எதற்கு? நோட்டு இல்லையென்றால் யார் ஏழு மணிக்கு வரப் போகிறார்கள்? பழைய ஒன்பதரை மணி அவன் கண்முன்னே வந்து நின்றது. பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு பாக்கெட்டைக் காலி செய்தான்.

அதிலிருந்து மாதாமாதம் மனைவி தவணைப் பணத்தை எண்ணிக் கொடுப்பாள். அவன் அதைக் கருவிப் பெட்டியின் அடியில், கிரீஸ் டப்பாவுக்குக் கீழே ஒளித்து வைப்பான். பாஸ்புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு, புதுசு மாற்றித் தருகிறார்களாம் என்றான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் சமையலறைச் சுவரில் ஆடிட்டர் தவணைக்கு ஒன்றாகப் போட்டு ஒட்டியிருந்த முப்பத்தாறு கட்டத்தில் கடைசிக் கட்டத்துக்கு வண்ணம் தீட்டும் நாள் வந்தபோது அவன் வாயில் ஒரு பொய் வந்து விழுந்தது.

"வட்டியை ஏத்திட்டாங்களாம். இன்னும் ஆறு தவணை பாக்கியாம்."

மனைவி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆறா?" என்று மட்டும் கேட்டாள். ஆடிட்டர் ஸ்கேல் வைத்து இன்னும் ஆறு கட்டம் போட்டாள்.

அத்தோடு நின்றிருந்தால் தேவலை. மறுநாளே மனைவி சிக்கன நடவடிக்கையை அறிவித்தாள். அவளுக்குப் பஸ் கிடையாது, நடைதான். கடையில் நாலு மணி டீ கிடையாது. ஆடிட்டரின் கட்டை விரல் முட்டும் ஷூவுக்கு ஆறு கட்டம் முடிந்த பிறகுதான் மாற்று. மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியில் பணம் தூங்குகிறது, பெண்டாட்டி வெயிலில் நடக்கிறாள். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் டப்பாவில் நாற்பதைப் போட்டு மளிகைக்காரரை வாழ வைத்தான்.

பணமாகக் கொடுத்தால்தானே கணக்கு இடிக்கும்? பொருளாகக் கொடுப்போம் என்று முடிவு செய்தான். மறுநாள் ஒரு ஜோடி சிவப்பு ஷூவோடு வந்தான்.

"எங்க முதலாளி குடுத்தாரு, குழந்தைக்குன்னு."

"உங்க முதலாளியா? போன வருஷம் காலண்டரைத் திருப்பிக் கேட்டாரே, அவரா?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"தாராளமா திருந்தட்டும்," என்றாள் மனைவி.

காலையில் அவள் மருந்துக் கடை போனிலிருந்து முதலாளிக்கு நன்றி சொன்னாள். முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அந்த இன்பத்தில், "பரவாயில்லம்மா, பரவாயில்ல," என்று ஏற்றுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து யோசித்தார். கொடுக்காத ஷூவுக்கு ஒரு பெண் நன்றி சொல்கிறாள் என்றால் அந்தக் குடும்பம் எவ்வளவு கஷ்டத்தில் இருக்க வேண்டும்! நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள் என்று அவராகவே முடிவுக்கு வந்தார்.

மத்தியானம் பட்டறையில் பதினோரு பேரும் துக்க வீட்டில் நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். முதலாளி ஒரு கவரை நீட்டினார்.

"எல்லாரும் போட்டது. நானும் போட்டிருக்கேன்."

"ஐயா, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை..."

"மானஸ்தன்," என்று மூக்கைச் சிந்தினார் மூத்த மெக்கானிக். அவருக்கே மூன்று இடத்தில் கடன் இருந்தது. "வச்சுக்கப்பா. யாரும் சொல்லிக் காட்ட மாட்டோம்."

கவரும் கிரீஸ் டப்பாவின் கீழே போனது. பெட்டி நிரம்பிவிட்டது. அன்றைக்கு மெக்கானிக் பெரிய ஸ்பேனரை வைக்க இடமில்லாமல் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஏழு மணிக்கு மனைவி பேனாவை எடுக்கவில்லை.

"நான் யோசிச்சுட்டேங்க. சனிக்கிழமை சங்கத்துக்கு நானே போறேன். மூணு வருஷமா ஒரு நாள் தவறாம கட்டியிருக்கோம். நடுவுல வட்டியை ஏத்தினா என்ன நியாயம்? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"நீ எதுக்கும்மா அலையணும்? நான் கேட்கிறேன்."

"நீங்க கேட்டுத்தான் ஆறு கட்டம் வந்துச்சு."

"நானும் வரேன். எனக்கும் கேள்வி இருக்கு," என்றாள் ஆடிட்டர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சங்கத்துக்கு ஓடினான். கவுன்டரில் அதே வழுக்கைத் தலை எழுத்தர் முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மூச்சு வாங்க எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சார், எனக்கு ஒரு உதவி பண்ணணும். எனக்குக் கடன் இருக்குன்னு எழுதித் தரணும்."

எழுத்தர் துணியைக் கீழே வைத்தார். "கடன் இல்லைன்னு எழுதிக் கேக்கறவங்களை நிறையப் பார்த்திருக்கேன்."

"முத்திரை வேண்டாம் சார். வெறும் தாள்ல எழுதினா போதும். வட்டி ஏறிடுச்சு, இன்னும் ஆறு மாசம் கட்டணும்னு ரெண்டு வரி. என் சம்சாரம் நாளைக்கு இங்க வரப் போறா."

"எதுக்கு சார் இந்த வம்பு? கடன் முடிஞ்சா மனுஷன் நிம்மதியா இருக்க வேண்டாமா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். பொய் எல்லாம் தீர்ந்துபோய் உண்மை மட்டும்தான் மிச்சமிருந்தது.

"சார், தினமும் ஏழு மணிக்கு அவ பேனாவைக் காதுல வச்சுக்கிட்டு எனக்காக உக்காந்திருக்கா. நான் ஒரு ரூபாய் டிக்கெட்டைப் பத்திச் சொன்னாலும் கன்னத்துல கை வச்சுக்கிட்டுக் கேக்கறா. கடனுக்கு முன்னாடி அவ சிரிச்சா எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியாது. கடன் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அதெல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு. இன்னும் ஒரு ஆறு மாசம், அவ்வளவுதான் கேக்கறேன். அதுக்குள்ள வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சுடுவேன்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொந்தி குலுங்கியது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ஆறு மாசம்தானா? உங்க வீட்டம்மா நேத்தே வந்து, இதே நாற்காலியில உக்காந்து, ஒரு வருஷத்துக்குக் கடன் பாக்கின்னு எழுதி வாங்கிட்டுப் போயிட்டாங்களே சார்!"