தோற்பதற்கென்றே ஒரு குரல்

"வந்துட்டான் பாருங்க! குரலா அது! கேட்டாலே கால்வலி போயிடுது!"

மனைவி சோபாவின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். டி.வி.யில், நீளக் கோட்டு போட்ட கொரியக் கதாநாயகன் பூக்கடைப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, "என் கண்ணைப் பார்த்துச் சொல்" என்று சுத்தமான தமிழில் கேட்டுக்கொண்டிருந்தான். சோபாவின் மறுநுனியில் இருந்த கணவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"கொஞ்சம் பொறு. அடுத்தது என் சீன்தான்" என்றார்.

"இருக்கேன், இருக்கேன்."

டி.வி.யில் மழை பெய்தது. கதாநாயகன் கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போனான். பூக்கடைப் பெண் தெருவில் நனைந்துகொண்டு நின்றாள். பின்னாலிருந்து ஒரு குடை நீண்டது. குடையைப் பிடித்திருந்த கால்நடை மருத்துவன் சொன்னான்: "நீ யாரோடு வேண்டுமானாலும் போ. நனையாமல் போ."

அந்தக் குரல் இவருடையது. அந்த ஒரு வரிக்காகத் தொண்டை வற்ற ஒன்பது முறை பேசியிருந்தார். மனைவியின் முகம் எப்படி இருக்கிறது என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தார்.

சோபா காலி.

"வாஷிங் மெஷின் நின்னுடுச்சுங்க! துணியை எடுத்துட்டு வந்துடறேன்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நின்ற மாதிரி தெரியவில்லை. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவருடைய பிழைப்பு டப்பிங். பதினோரு வருஷமாகக் கொரியக் காதல் தொடர்களுக்குத் தமிழ் பேசுகிறார். அந்தத் தொடர்களில் ஒவ்வொன்றிலும் இரண்டாவது நாயகன் என்று ஒருவன் உண்டு. நல்லவன், அழகன், சரியான நேரத்தில் குடை கொண்டுவருகிறவன். கடைசியில் கிடைப்பது அந்தக் குடை மட்டும்தான். பதினான்கு தொடர்களில் பதினான்கு பெண்களைப் பறிகொடுத்த குரல் இவருடையது. ஸ்டூடியோவில் இவர் பெயர் குடைக்காரர். கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் கோட்டுக்காரர். நிஜப் பெயர்களெல்லாம் வருகைப் பதிவேட்டில் தூங்கின.

இதில் இன்னொரு சங்கதி. இந்தத் தொடர் ஆரம்பித்த புதிதில் மச்சினி வீட்டு விருந்தில் யாரோ, "எப்படிங்க இவ்வளவு உருக்கமா பேசறீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஹீரோயினுக்குப் பேசற பொண்ணும் நானும் ஒரே மைக்குல, தோளோட தோள் உரச நின்னுதான் பேசுவோம். அப்பதானே உணர்ச்சி வரும்!" என்று அளந்துவிட்டார். உண்மை என்னவென்றால், அந்தப் பெண்ணை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அவள் காலை எட்டு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போய்விடுவாள். இவர் பதினோரு மணிக்கு வந்து, பீரோ அளவு அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் காதலிப்பார். விருந்தில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மனைவி மட்டும் "ஓஹோ" என்றாள். அதோடு சரி.

குடைக் காட்சி முடிந்த மறுநொடி மனைவி திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு கிளினிக்கின் வரவேற்பில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் டோக்கன் கொடுப்பாள், சாயங்காலம் தீர்ப்புக் கொடுப்பாள்.

"கொரியன் சீரியல்ல நிறை என்னன்னா, பதினாறு எபிசோட்ல கதையை முடிச்சிடறாங்க. மாமியார் பால்ல விஷத்தைக் கலக்கறது, அதைப் பூனை குடிக்கறது, இந்த எழவெல்லாம் கிடையாது."

"குறை?"

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா தீந்து போற விஷயம். அதைக் கேக்காம பன்னெண்டு எபிசோட் முறைச்சுக்கிட்டே திரியறாங்க. அப்புறம் அந்த ஹீரோ, அவ்வளவு பெரிய கம்பெனிக்கு முதலாளிங்கறான். ஒரு நாளாவது ஒரு ஃபைலைத் திறந்து பாத்திருப்பானா?"

"ரெண்டாவது ஹீரோ எப்படி?" என்று, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அவருக்கென்ன, நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்! செத்தவனைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது. கோட்டுக்காரர் குரலுக்குக் கால்வலி போகிறது, கட்டிய கணவன் குரலுக்குத் துணி காயப்போடத் தோன்றுகிறது. அன்றைக்கே முடிவு செய்தார். அடுத்த தொடரில் கதாநாயகன் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும். இவள் சோபா நுனியில் உட்கார்ந்து தன்னைக் கேட்க வேண்டும். வாஷிங் மெஷின் வெடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது.

வாய்ப்பும் கூடி வந்தது. அடுத்த தொடருக்குக் கதாநாயகன் குரலை மாற்றப் போவதாக டப்பிங் நிர்வாகி அம்மாள் அறிவித்தார். "நேயர்கள் கருத்தைப் பாத்துதான் முடிவு" என்றார். அன்று ராத்திரியே இவர் அதை மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஸ்டூடியோ வாசலில் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கருத்துப் பெட்டி உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நிர்வாகி அதைத் திறந்து, எல்லாரையும் வைத்துக்கொண்டு படிப்பார். அந்த வாரம் கம்ப்யூட்டரில் அடித்த ஒரு கடிதம் வந்திருந்தது. கீழே 'ஓர் உண்மை ரசிகை' என்று இருந்தது.

"நிறை: இரண்டாவது நாயகனின் குரல். தோற்பதற்கென்றே பிறந்த குரல் அது. குறை: இவ்வளவு நல்ல குரலைக் கதாநாயகனாக்கி வீணடித்துவிடுவீர்களோ என்ற பயம்."

"எவ்வளவு நுணுக்கமா கேட்டிருக்காங்க பாருங்க!" என்று நிர்வாகி மெச்சினார். கோட்டுக்காரர் கைதட்டினார்.

கைதட்டினாரா! குடைக்காரருக்குச் சுருக்கென்றது. பாராட்டுகிற மாதிரி பள்ளம் தோண்டுகிற வேலை. ரசிகையாவது, மண்ணாங்கட்டியாவது. இது கோட்டுக்காரரின் கைவரிசைதான் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு பெயர்களில் ஆறு கடிதங்கள் எழுதினார். ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவி, இரட்டைக் குழந்தைகளின் தாய் என்று விதவிதமான ஆட்கள். இடது கையால் இரண்டு, பெரிய எழுத்தில் இரண்டு, எழுத்துப் பிழைகளோடு இரண்டு. தன் குரலைப் பற்றித் தானே எழுதும்போது உணர்ச்சி பொங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நிர்வாகி ஆறையும் படித்தார்.

"பாத்தீங்களா சார்! ஆறு பேரும் உங்க அழுகையைத்தான் சொல்றாங்க. 'அவர் அழுதபோது என் தலையணை நனைந்தது.' இந்தத் தாத்தாவுக்குத் தலையணை நனைஞ்சிருக்கு, அந்த ரெட்டைக் குழந்தை அம்மாவுக்கும் நனைஞ்சிருக்கு. ஊர்ல ஒரு தலையணை காயலை! இனிமே உங்களை அழுகையை விட்டு அசைக்கவே கூடாது."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

கூடவே ரசிகையின் கடிதமும் வந்திருந்தது. "அந்த ஆறு பேர் கருத்தையும் நான் ஆமோதிக்கிறேன்" என்று மட்டும்தான் அதில் இல்லை; மற்றபடி அதுவும் அந்த அழுகையைத்தான் புகழ்ந்திருந்தது.

சரி, கடிதம் வேண்டாம், காரியத்தில் காட்டுவோம் என்று இறங்கினார். அந்த வாரம் மருத்துவன் காதலை விட்டுக்கொடுக்கும் காட்சி. "அவனோடு சந்தோஷமாக இரு" என்று தழுதழுக்க வேண்டிய வரி. குடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு கதாநாயகனைக் கிளப்பிக் கொண்டுவந்து, இடி இடிக்கிற மாதிரி பேசினார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று மனைவி வழக்கம்போல உள்ளே போயிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? அந்த ஆள் அவளைக் கொல்லப் போறானா?"

"வாழ்த்தறான்!"

"இப்படியா வாழ்த்துவாங்க? பக்கத்து வீட்டு நாய் குலைக்குது பாருங்க!"

பெட்டி அந்த வாரம் நிரம்பி வழிந்தது. மருத்துவர் எந்த எபிசோடில் கொலை செய்வார் என்று பதினேழு பேர் கேட்டிருந்தார்கள். உண்மை ரசிகை சுருக்கமாக எழுதியிருந்தாள்: "இவர் கதாநாயகனாகப் பேசிப் பார்க்கிறார் போலிருக்கிறது. தயவுசெய்து தடுக்கவும்."

கோட்டுக்காரர் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார். "விடுங்க சார், எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் ஆச்சு."

இந்தத் தட்டுதான் தாங்கவில்லை. எரிகிற வயிற்றில் பெட்ரோல் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் குடைக்காரர் சிரித்த முகத்தோடு ஒரு பெரிய தம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் ஐஸ்கட்டி. "வெயில் ஜாஸ்தியா இருக்கு, குடிங்க சார்" என்று வற்புறுத்தினார். கோட்டுக்காரர் நன்றியோடு கடைசிச் சொட்டுவரை குடித்தார். சாயங்காலமே தொண்டை கட்டிக்கொண்டது. தேதி தள்ளிப்போட முடியாததால், அந்தக் கட்டின தொண்டையோடே முக்கியமான காதல் காட்சியைப் பேசினார்.

ஒளிபரப்பான அன்று குடைக்காரர் காலை நீட்டி, ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் கோட்டு போட்டவன், "நீ இல்லாமல் என்னால் முடியாது" என்றான், கரகரவென்று.

மனைவியின் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

"ஐயோ, என்ன ஒரு கரகரப்பு! மனுஷன் ராத்திரியெல்லாம் அழுதிருக்கான்னு குரல்லயே தெரியுதே! இத்தனை நாள் ஏன் இப்படிப் பேசலை?"

குடைக்காரர் எழுந்து போய், தானே துணியை எடுத்துக் காயப்போட்டார்.

தேர்வு நாளும் வந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. நிர்வாகி ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் உட்காரச் சொன்னார். கண்கள் கலங்கியிருந்தன.

"உண்மையைச் சொல்றேன் சார், நேத்து வரைக்கும் உங்களைத்தான் ஹீரோவுக்கு எழுதி வெச்சிருந்தேன். இப்ப பெட்டியில இருந்து இதை எடுத்தேன். மனசு மாறிடுச்சு. கேளுங்க. 'அவர் ஒரு பெண்ணிடம் காதலைச் சொல்லி, அவள் சரி என்று சொல்வதை என் காதால் கேட்கும் சக்தி எனக்கு இல்லை. அவரைத் தோற்கவே விடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.' இப்படி ஒரு ரசிகையை அழ வெச்சு நான் சீரியல் நடத்தணுமா? ஷாம்பு விளம்பரத்துக்குப் பேசறவரை ஹீரோவுக்குப் போட்டாச்சு. அடுத்த சீரியல்லயும் குடை உங்களுக்குத்தான்."

குடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மேடம், இது ரசிகையும் இல்லை, ஒண்ணும் இல்லை! எல்லாம் இவர் வேலை! நான் ஹீரோ ஆயிடுவேன்னு வயித்தெரிச்சல்! வாரா வாரம் பொம்பளை பேர்ல எழுதிப் போடறாரு!"

கோட்டுக்காரர் இவர் பக்கம் திரும்பினார். அவருக்குத் தொண்டை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

"சார், நான் அடுத்த மாசம் மகள் வீட்டோட போய்ச் சேந்துக்கப் போறேன். வேலையை விட்டாச்சு. அதனாலதான் ஹீரோ குரலையே மாத்தறாங்க. எனக்கு அப்புறம் யாருன்னு மேடம் கேட்டப்ப, உங்க பேரைத்தான் சொன்னேன்." கொஞ்சம் இருமிக்கொண்டார். "அன்னிக்கு அந்த ஜூஸ் குடுத்தீங்களே, அதைக்கூட என் மகள்கிட்ட சொன்னேன். எவ்வளவு பாசமா பாத்துக்கறாங்கன்னு."

குடைக்காரருக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தரை பிளக்கவில்லை. இந்த மனுஷனும் இல்லையென்றால், பின்னே யார்? எந்தப் பாவி தன் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டது? இன்றைக்கு மனைவியிடம் போய், "நான்தான் ஹீரோ" என்று சொல்லலாம் என்றிருந்தாரே! நிர்வாகி கையிலிருந்த கடிதத்தைக் கவரோடு பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். மடியில் குடைக்காரரின் சாப்பாட்டு டப்பா இருந்தது. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை என்பதால், அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து சூடாகச் சாப்பாடு வரும்.

"இந்தாங்க சார், இப்பதான் வந்துச்சு. ஆறிடப் போகுது."

"சாப்பாடு கிடக்கட்டும்யா!" என்று கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார். "இந்தக் கவரை வாரா வாரம் பெட்டியில போடறது யாரு? நீங்க இங்கயேதானே உக்காந்திருக்கீங்க, பாத்திருப்பீங்கல்ல?"

வாட்ச்மேன் கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? டப்பாவை என்கிட்ட குடுத்துட்டு, கவரைப் பெட்டியில போட்டுட்டு, 'அந்த ஹீரோயினுக்குப் பேசற பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா'ன்னு ஒரு தடவை கேக்காம உங்க வீட்டம்மா போனதே இல்லையே!"